பத்தொன்பது வயதுக்குப் பிறகு என்ன? தஞ்சோங் மாலிமில் வேலைக்குக் காத்திருக்கும் ஆட்டிசம் இளைஞர்கள்

தஞ்சோங் மாலிமுக்கு வேலை வந்துகொண்டிருக்கிறது. புரோட்டோன் சிட்டியில் கார் ஆலை இயங்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இப்போது அந்த வட்டாரம் உயர் தொழில்நுட்ப வாகனப் பள்ளத்தாக்கு என்ற பெயரோடு மின்சாரக் கார், உதிரிப்பாகம், கிடங்கு, லோரி என்று விரிகிறது. சீனாவின் பிஒய்டி நிறுவனமும் இங்கே கார் பொருத்தும் ஆலை அமைக்கப் போவதாக 2025இல் அறிவித்தது. ஒரு காலத்தில் ரப்பரும் பிறகு செம்பனையும் நின்ற பூமி இது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த ஆலைகளுக்குத்தான் விண்ணப்பப் பாரம் நிரப்புகிறார்கள்.

அந்த வரிசைக்கே வராத பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வயது இருபது, இருபத்தைந்து, முப்பது. உடலில் குறை எதுவும் தெரியாது. கைத்தொலைபேசியில் ஒரே காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பேசுவார்கள், ஆனால் கேட்ட கேள்விக்கு அல்ல. சிலருக்குப் பேச்சே இல்லை. விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவார்கள், அல்லது அனுப்பப்படுவார்கள். இதில் இரண்டாவது நடப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க வரும் நாளில் தம்பி சித்தி வீட்டில் இருப்பான். பெண் பிள்ளை என்றால் அவள் இருப்பதே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

ஆட்டிசம் என்றால் நம் பத்திரிகைகள் மதியிறுக்கம் என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. இவர்களின் மதி இறுகிப்போய்விடவில்லை. ஒலியையும் ஒளியையும் மனிதர் பேச்சையும் மூளை வாங்கிக்கொள்ளும் விதம்தான் வேறு. கடையில் ஓடும் மிக்சி சத்தம் நமக்கு வெறும் சத்தம். அவர்களில் சிலருக்கு அது காதுக்குள் ஊசி. 'கொஞ்ச நேரம் கழிச்சு வா' என்றால் நமக்குப் புரியும். அவர்களுக்கு எத்தனை நிமிடம் என்று சொல்ல வேண்டும். இது நோய் அல்ல, மருந்தில் தீர்வதும் அல்ல. பிறவியிலேயே வந்து ஆயுள் முழுக்க உடன் இருப்பது.

ஆயுள் முழுக்க என்ற அந்த இரண்டு சொற்களைத்தான் நம் நாட்டு ஏற்பாடுகள் மறந்துவிட்டன. ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று ஒட்டப்படும் சுவரொட்டிகளைப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஐந்து வயதுப் பிள்ளை. ஆரம்பத்திலேயே கண்டுபிடியுங்கள், பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதெல்லாம் சரியான அறிவுரைதான். 2019 முதல் கல்வி அமைச்சு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத கொள்கையைக் கொண்டுவந்ததும் நல்ல காரியம். தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் சிறப்புக் கல்வி வகுப்பு நடக்கிறது. ஆரம்பப்பள்ளி முடிந்து இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் ஏறக்குறைய பத்தொன்பது வயது வரை ஓட்டலாம். சமையல், தையல், தோட்டவேலை, கார் கழுவுதல் என்று கைத்தொழிலும் கொஞ்சம் சொல்லித் தருகிறார்கள்.

பிறகு ஒரு டிசம்பர் மாதம் பள்ளி முடிகிறது. அடுத்த ஜனவரியில் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டிய கடமை எந்த இலாகாவுக்கும் இல்லை. கல்வி அமைச்சின் கோப்பு மூடப்படுகிறது. சமூக நல இலாகா, அதாவது ஜேகேஎம், நாமாகப் போய்க் கேட்டால் பதில் சொல்லும். மனிதவள அமைச்சு நாமாகப் பதிந்தால் பட்டியலில் சேர்க்கும். மூன்று அலுவலகங்களும் தத்தம் வேலையைச் செய்கின்றன. ஒன்றின் கையிலிருந்து மற்றொன்றின் கைக்குப் பிள்ளையைக் கொடுக்கும் ஆள் மட்டும் கிடையாது. மொத்தப் பிரச்சினையின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. திறமை இல்லாததால் அல்ல, கருணை இல்லாததால்கூட அல்ல. பத்தொன்பது வயதுக்குப் பிறகு இது என் வேலை என்று சொல்ல ஒருவர் இல்லாததால்தான் நம் பிள்ளைகள் வீட்டோடு கிடக்கிறார்கள்.

தோட்டத்தில் இருந்தபோது

லயத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள். அந்தக் காலத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், அவர்களும் வேலை செய்தார்கள் என்று. உண்மைதான். பெரட்டுக்கு அம்மாவோடு போய், அவள் மரம் சீவும்போது மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, பால் வாளியை வரிசை மாறாமல் அடுக்கி வைக்கும் பையன் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தான். அவனுக்கு ஆட்டிசம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வைத்த பெயர்களை இங்கே எழுதத் தேவையில்லை.

அந்த வேலை அவனுக்கு ஏன் பொருந்தியது என்று யோசித்தால் இன்றைக்கும் உதவும். தினமும் ஒரே நேரத்தில் சங்கு ஊதும். ஒரே நிரை, அதே மரங்கள், அதே வரிசை. நேர்முகத் தேர்வு இல்லை. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் அவனை அறிந்த ஓர் ஆள் எப்போதும் இருந்தார். இன்று நிபுணர்கள் ஆட்டிசம் கொண்டவர்களுக்கு ஏற்ற பணியிடம் என்று எழுதி வைத்திருக்கும் குறிப்புகளில் பாதி, யாரும் திட்டமிடாமலேயே தோட்டத்தில் இருந்தது.

ஆனால் பழையதைப் பூசிமெழுக வேண்டாம். அந்தப் பையனின் பெயர் பெரும்பாலும் செக்ரோலில் இருந்ததில்லை. அவன் உழைப்பு அம்மாவின் கணக்கில் போனது. இபிஎஃப் இல்லை, சொக்சோ இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, வீடு காலி செய்யச் சொல்லப்பட்டபோது இழப்பீட்டுப் பட்டியலிலும் அவன் இல்லை. பெற்றோர் இறந்த பிறகு அவனுக்கு என்ன ஆனது என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். கோயில் திண்ணை, அண்ணன் வீட்டுப் பின்கட்டு, தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை. பலருடைய வாழ்க்கை அப்படித்தான் முடிந்தது.

தாமானுக்கு மாறியபோது நிலைமை தலைகீழானது. இப்போது பெயர் இருக்கிறது, ஓகேயு அட்டை இருக்கிறது, உரிமை இருக்கிறது. தினமும் காலையில் எழுந்து போக ஓர் இடம்தான் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கும் நாற்றங்காலில் மண் நிரப்பும் வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்துவிட்டார்கள். அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் ஓர் இருபது வயது ஆண்பிள்ளை நாள் முழுக்க அடைந்து கிடந்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தைப் பார்த்துவிட்டு இவனை எப்படி வேலைக்கு அனுப்புவது என்கிறோம். வேலை இல்லாததால் வந்த கோபமாகவும் அது இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. அதன் 29ஆவது பிரிவு மற்றவர்களுக்குச் சமமாக வேலை பெறும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஒரு முதலாளி அந்த உரிமையை மறுத்தால் என்ன தண்டனை என்று தேடினால் ஒன்றும் இல்லை. அரசாங்கம் நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அதன்மீது வழக்குப் போட முடியாதபடி 41ஆவது பிரிவு காவல் நிற்கிறது. இதைத் திருத்த வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன.

அரசாங்க வேலைகளில் ஒரு விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. 2008இல் அதையே மீண்டும் வலியுறுத்தினார்கள். அந்த ஒரு விழுக்காடு எட்டப்படவில்லை என்பதை அமைச்சர்களே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எட்டாத இலாகாவுக்கு எதுவும் நேர்வதில்லை என்பதால் இதில் வியக்க ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன எண்ணிக்கைக்குள்ளும் ஆட்டிசம் கொண்டவர்கள் எத்தனை பேர் வர முடியும்? நம் பதிவு முறையில் ஆட்டிசம் தனி வகை அல்ல. கற்றல் குறைபாடு என்ற பெரிய வகைக்குள் ஒன்றாக அது அடங்கிவிடுகிறது. இந்தியா 2016இல் கொண்டுவந்த சட்டம் அரசு வேலையில் நான்கு விழுக்காட்டை ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளிட்ட பிரிவுக்கென்றே பிரித்து வைத்தது. அங்கேயும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. ஆனால் நிறைவேறவில்லை என்று நீதிமன்றத்தில் கேட்க ஒரு வரி இருக்கிறது.

ஜப்பானைப் பார்த்தால் நம் கோளாறு இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே தனியார் நிறுவனங்களும் குறிப்பிட்ட விழுக்காடு மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அது 2.5 விழுக்காடாக உயர்ந்தது. நூறு பேருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் அந்த எண்ணிக்கையை எட்டாவிட்டால், குறையும் ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். அந்தப் பணம் கூடுதலாக ஆள் எடுத்த நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது. இதே ஜப்பானின் ஜைக்கா அமைப்புதான் 2000களில் நம் ஜேகேஎம் இலாகாவோடு சேர்ந்து வேலைப் பயிற்றுநர் முறையை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. பயிற்றுநரை வாங்கிக்கொண்டோம். அவருக்குப் பின்னால் நிற்கும் கட்டணத்தை வாங்காமல் விட்டுவிட்டோம். முதலாளி கதவைத் திறக்காவிட்டால் பயிற்றுநர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

நம் முதலாளிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனத்தின் கணக்காளருக்கு இது தெரியும். தஞ்சோங் மாலிம் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடையோ சலவைக் கடையோ நடத்தும் நம்மவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், வரி கட்டும் அளவுக்கு இலாபம் இல்லாத கடைக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. உண்மையில் ஒரு பிள்ளையைப் பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளக்கூடியது அந்தச் சின்னக் கடைதான். சலுகை ஓர் இடத்திலும் தேவை இன்னோர் இடத்திலும் இருக்கின்றன.

வேலைப் பயிற்றுநர் என்பவர்

ஆங்கிலச் சொல்லையே வைத்து ஜாப் கோச் என்றுதான் எல்லாரும் அழைக்கிறார்கள். இந்த ஆள் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டிசம் கொண்ட ஒருவர் வேலையில் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் இவரைப் பொறுத்தது.

முதலில் இவர் அந்த இளைஞரோடு பழகுவார். எது பிடிக்கும், எது ஆகாது, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார், எத்தனை நிமிடம் ஓர் இடத்தில் நிற்பார் என்று குறித்துக்கொள்வார். பிறகு தனியாகப் பணியிடத்துக்குப் போய் ஒன்றிரண்டு நாள் அந்த வேலையைத் தானே செய்து பார்ப்பார். ஒரு கடையில் தட்டு கழுவும் வேலை என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. அவர் அதைப் பத்துப் பன்னிரண்டு படிகளாகப் பிரிப்பார். மிச்சத்தைத் தொட்டியில் தட்டு, முதல் தண்ணீரில் முக்கு, சவர்க்காரத்தால் தேய், கவிழ்த்து அடுக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்துச் சுவரில் ஒட்டுவார். ஓய்வு எத்தனை மணிக்கு, எங்கே உட்காருவது, தண்ணீர் தீர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதும் படத்தில் இருக்கும்.

பிறகு இளைஞரை அழைத்து வந்து பக்கத்தில் நின்று செய்ய வைப்பார். முதல் வாரம் நாள் முழுக்க, அடுத்த வாரம் அரை நாள், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை என்று மெல்ல விலகுவார். விலகுவதற்கு முன் கடையில் இருக்கும் ஒருவரைத் தயார் செய்வார். 'சீக்கிரம் சீக்கிரம்' என்று கத்தக் கூடாது, 'இந்தப் பத்துத் தட்டை முடிச்சிட்டு வா' என்று சொல்ல வேண்டும் என்பதை அந்த அண்ணனுக்கோ காக்காவுக்கோ கற்றுத் தருவார். அந்தத் தோட்டத்துப் பையனுக்குப் பக்கத்தில் அம்மா நின்றாளே, அந்த இடத்தைச் சம்பளத்தோடும் சட்டத்தோடும் நிரப்புவதுதான் இது.

இந்த முறை இங்கே வேலை செய்யும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கமுடா கட்டுமான நிறுவனம் 2013 முதல் ஆட்டிசம் கொண்டவர்களைத் தன் அலுவலகங்களில் அமர்த்தி வருகிறது. 2017இல் அதன் அறக்கட்டளை பெட்டாலிங் ஜெயாவில் எனேபிளிங் அகாடமி என்ற பயிற்சிக் கூடத்தைத் திறந்தது. மூன்று மாதப் பயிற்சி, பிறகு வேலையிடத்திலும் துணை. மற்ற நிறுவனங்களுக்கும் அங்கிருந்து ஆள் போகிறார்கள். அதேபோல் முகமட் அட்லி யாஹ்யா என்ற தகப்பனார் பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டு 2016இல் தலைநகர் வட்டாரத்தில் ஆட்டிசம் கபே என்ற உணவகத்தைத் தொடங்கினார். ஆட்டிசம் கொண்ட இளைஞர்களே அங்கே சமைக்கவும் பரிமாறவும் செய்தார்கள்.

தஞ்சோங் மாலிமிலிருந்து பார்த்தால் இந்த இரண்டும் கிள்ளான் பள்ளத்தாக்குக் கதைகள். அலுவலக வேலைக்கு ஆயத்தமாக்கும் பயிற்சிக்குக் கணினியும் ஆங்கிலமும் ஓரளவு கை வந்திருக்க வேண்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் கேட்டு வளர்ந்த தோட்டப்புறப் பிள்ளைக்கு அது முதல் தடுப்பு. கொமுட்டர் ரயில் இங்கிருந்துதான் புறப்படுகிறது, ஓகேயு அட்டைக்குக் கட்டணம் பாதி, எல்லாம் சரி. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போய், மாறி, மீண்டும் வாகனம் பிடித்துத் தினமும் டாமன்சாரா போய்வருவது பெரும்பாலான குடும்பங்களால் ஆகாது. ஜேகேஎம் நடத்தும் பெங்கெல் டாயா என்ற பட்டறைகள் கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் இருக்கின்றன. பேராக்கில் இருப்பவனுக்கு இரண்டும் தூரம்.

அருகில் இருப்பது பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையம். 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி இன்று நாடு முழுக்க 500க்கும் மேல் வளர்ந்துள்ள திட்டம் அது. அங்கே பணிபுரியும் அக்காமார்கள் குறைந்த சம்பளத்தில் பெரிய மனதோடு உழைக்கிறார்கள், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையும் முப்பது வயது ஆளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் முப்பது வயது ஆளும் வண்ணம் தீட்டிக்கொண்டுதான் இருப்பார். பத்து ஆண்டு மணி கோத்தவர் பதினோராவது ஆண்டும் மணி கோக்கிறார். அங்கிருந்து வெளியே ஒரு வேலைக்குப் போனவர் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் மையத்தை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. வருகைப் பதிவேட்டை வைத்து அல்ல.

தஞ்சோங் மாலிமிடம் வேறு எந்தச் சிறிய பட்டணத்திடமும் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான உப்சி. சிறப்புக் கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கூடம் அது. தமிழ்மொழிக் கல்வி படிக்கும் நம் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஒரு பக்கம் பயிற்சிக்கு இடம் தேடும் மாணவர்கள், மறுபக்கம் ஆள் தேடும் ஆலைகள், நடுவில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். மூன்றும் சில கிலோமீட்டருக்குள். சிறப்புக் கல்வி மாணவர்கள் ஒரு பருவத்தைப் பள்ளி வகுப்பறைக்குப் பதிலாகக் கடையிலோ கிடங்கிலோ வேலைப் பயிற்றுநராகக் கழித்தால் என்ன? தமிழ் தெரிந்த மாணவர் ஒருவர் துணை நின்றால் அம்மாவிடமும் விளக்கம் கேட்டுக்கொள்ளலாம். கார் ஆலை என்றதும் எல்லாரும் இயந்திரத்தை நினைக்கிறார்கள். பொருத்தும் வரிசைக்குப் போக வேண்டிய திருகுகளையும் பாகங்களையும் எண்ணித் தட்டில் பிரித்து வைக்கும் வேலையும் அந்தத் தொழிலில் உண்டு. ஒரே மாதிரி, பிசகாமல், அமைதியான மூலையில் செய்ய வேண்டிய வேலை. ஆட்டிசம் கொண்டவர்களில் சிலர் இதில் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். எல்லாரும் அல்ல. ஆட்டிசம் என்றாலே கணினி மேதை என்று ஒரு கதை ஓடுகிறதே, அது பெற்றோரை இன்னும் நோகடிக்கும் கதை. வாழ்நாள் முழுக்க ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை அல்ல, நல்ல பராமரிப்புதான் உரிமை.

முந்நூறு வெள்ளிக் கணக்கு

வேலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறை சொல்வதற்கு முன் அவர்கள் போடும் கணக்கைப் பார்க்க வேண்டும். வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளி என்று பதிந்தால் ஜேகேஎம் மாத உதவி தருகிறது, அண்மை ஆண்டுகளில் 300 வெள்ளி. வேலை செய்தால் வேறொரு அலவன்ஸ். மாதம் 1,700 வெள்ளிக்குள் சம்பாதிப்பவருக்கு 450 வெள்ளி என்று சில ஆண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். இந்தத் தொகைகளும் வரம்புகளும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், விண்ணப்பிக்கும் நாளில் ஜேகேஎம் முகப்பில் கேட்டுக்கொள்வது நல்லது.

காகிதத்தில் வேலை செய்பவருக்குத்தான் இலாபம். ஆனால் 300 வெள்ளி வாங்க, என் பிள்ளையால் வேலை செய்ய முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிய பிறகு அவன் வேலைக்குப் போய், இரண்டு மாதத்தில் அந்த வேலை போய்விட்டால்? பழைய உதவியைத் திரும்பப் பெற மீண்டும் பாரம், மீண்டும் மருத்துவர், மீண்டும் காத்திருப்பு. நிலையான 300 வெள்ளியை நிலையற்ற வேலைக்குப் பணயம் வைக்க ஓர் ஏழைக் குடும்பம் தயங்குவதில் என்ன தவறு? வேலைக்குப் போனவர் ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பழைய உதவி தானாகத் தொடரும் என்று ஒரு விதி இருந்தாலே பல அம்மாக்கள் துணிவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. வரம்பு அதே இடத்தில் நின்றால் முழுநேர வேலையில் கொஞ்சம் ஓவர்டைம் செய்தவர் அலவன்சை இழப்பார்.

பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. வளர்ந்த இந்திய இளைஞன் ஒருவன் பஸ் நிலையத்தில் கையை ஆட்டிக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றால் போலீஸ் என்ன நினைக்கும்? 2018இல் ஆட்டிசம் கொண்ட இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டுத் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டபோது நாடே அதைப் பேசியது. தமிழ் வீடுகளில் அந்தச் செய்தி இன்னொரு கனத்தோடு இறங்கியது. ஓகேயு அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பும் அம்மாக்கள் காரணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. மாவட்டப் போலீஸ் நிலையத்துக்கு ஒருமுறை பிள்ளையை அழைத்துப் போய் அறிமுகப்படுத்தி வைப்பது, அவன் போய்வரும் வழியில் இருக்கும் கடைக்காரர்களிடம் சொல்லி வைப்பது போன்ற சின்னக் காரியங்கள் உதவும். முவாலிம் பெரிய மாவட்டம் அல்ல. 2016இல்தான் தனி மாவட்டமானது. எல்லாரும் எல்லாரையும் அறிய முடிகிற அளவுதான்.

அடையாள அட்டை பற்றி ஒரு விஷயம். இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களில் பலர் பள்ளியில் பின்தங்கியவர் என்று கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டு, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வெளியேறியவர்கள். வயது போய்விட்டது, இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். சிலிம் ரிவர் போன்ற அரசாங்க மருத்துவமனையில் கேட்டு, மருத்துவர் உறுதிசெய்தால் எந்த வயதிலும் பதியலாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. இருபத்தைந்து வயது மகனுக்குச் சோறு பிசைந்து வைக்கும் அம்மா அன்பானவள்தான். ஆனால் அரிசி கழுவி குக்கரில் வைக்க அவனுக்கு அவள் கற்றுத் தந்திருந்தால் அது எந்தப் பயிற்சி மையமும் தர முடியாத பாடம். தன் துணியைத் தானே துவைப்பது, பத்து வெள்ளி கொடுத்து மிச்சம் வாங்குவது, பூட்டிய கதவைச் சரிபார்ப்பது, தெரியாதவர் தொட்டால் வேண்டாம் என்று சொல்வது. பெண் பிள்ளைக்கு இந்தக் கடைசிப் பாடம் முதல் பாடமாக இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் தமிழை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் கொண்ட பிள்ளை பின்தங்குகிறது என்பதை ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவோடு பேச ஒரு மொழி இல்லாத பிள்ளைக்கு வேலையிடத்தில் நடந்ததை யாரிடம் சொல்ல முடியும்?

நமக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு வருவோம். கூட்டங்களில் பெற்றோர் இதைக் கேட்டுவிட்டு அழுகிறார்கள், பிறகு தேநீர் வருகிறது, கலைந்துவிடுகிறோம். கேள்விக்குச் சில பதில்கள் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. சொக்சோ கட்டிய தொழிலாளி இறந்தால் அவர் பிள்ளைக்கு வரும் பென்ஷன் 21 வயதில் நிற்கும். தன்னைத் தானே பராமரிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பு இல்லை, அந்த நிலை நீடிக்கும்வரை வரும். ஆலையிலும் தோட்டத்திலும் உழைத்த எத்தனையோ தகப்பன்மார் இதற்குத் தகுதி பெற்றவர்கள். அப்பா போன பிறகு காகிதம் தேடுவதைவிட, அவர் இருக்கும்போதே ஓகேயு அட்டையும் மருத்துவ அறிக்கையும் ஒரே உறையில் போட்டு வைத்து, அதில் என்ன இருக்கிறது என்று மூத்த பிள்ளைக்குச் சொல்லி வைக்கலாம்.

இபிஎஃப் வாரிசுப் பெயர் கொஞ்சம் சிக்கலானது. ஆட்டிசம் கொண்ட மகன் பெயரைப் போட்டால் பணம் அவனுக்கு வரும், ஆனால் அதை நிர்வகிப்பது யார்? வயது வந்தவர் ஒருவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற, நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர் கட்டணமே சிறுசேமிப்பைத் தின்றுவிடும். இந்தியாவில் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடமே ஆட்டிசம் கொண்டவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க விண்ணப்பிக்கலாம். முவாலிம் மாவட்ட அலுவலகத்தில் அப்படி ஒரு குழு இருந்தால் எத்தனை குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அலையாமல் இருக்கும்! நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாற்றுத்திறனாளிகள் சட்டத் திருத்தம் பற்றிப் பேசும்போது தண்டனைப் பிரிவோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம். அதுவரை, உயில் எழுதும்போது நம்பிக்கையான ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து மகனுக்கு மாதாமாதம் செலவுக்குக் கொடுக்கும்படி எழுத வழி உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடமோ அமானா ராயாவிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படி எழுதும் நாளில், உங்கள் பிள்ளையையும் அந்த மேசையில் உட்கார வைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று அவனுக்குப் புரியும் மொழியில், அவன் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தைக் கொடுத்து, ஒருமுறை கேளுங்கள்.